56 நிமிஷம்னு யாருங்க சொன்னது?

போன வாரம் ஆபீசில் புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் என் சீட்டுக்கு வந்தான். ஊர்ல இருந்து லண்டன் வந்து மூணு மாசம்தான் ஆகுது.

"அண்ணா, நாங்க நாலு பேரு பாரிஸ் போலாம்னு இருக்கோம். ஃப்ளைட்ல 56 நிமிஷம்தானாமே? காலைல போயிட்டு ராத்திரியே திரும்பிடலாம்ல?"

கையில ஃபோனை நீட்டினான். ரெண்டு விமான நிலையத்தோட பேரைப் போட்டா தூரமும் நேரமும் சொல்ற இணையதளம் இருக்கே, அதுல ஒண்ணு. லண்டன் ஹீத்ரோ - பாரிஸ் சார்ல் து கோல். தூரம் 348 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 56 நிமிடம். கீழே ஒரு மேப், அதுல நூல் பிடிச்ச மாதிரி ஒரு கோடு.

"முதல்ல ஷெங்கன் விசா வாங்குற வழியைப் பாரு ராசா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அந்த 56 மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு. அந்த நம்பரை எனக்கு நல்லாத் தெரியும். பழைய கடன்காரனை ரோட்டுல பார்த்த மாதிரி இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் விமானத்துறை ஆள் கிடையாது. பொட்டி தட்டுறவன். ஜன்னலோர சீட்டு கிடைச்சா சந்தோஷப்படுற ஜாதி. அவ்ளோதான்.)

முதல்ல இந்த 56 எங்கிருந்து வருதுன்னு பாத்துடுவோம். ரொம்பப் பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. பூமி உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற குறைந்தபட்சத் தூரத்தை எடுத்துக்கறாங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச சைன், காஸ் வெச்சு போடற கணக்குதான். அதை மணிக்கு 500 மைல், அதாவது 805 கிலோமீட்டர் வேகத்தால வகுக்கறாங்க. 348-ஐ 805-ஆல வகுத்தா 26 நிமிஷம் வரும். ஏறறதுக்கும் இறங்கறதுக்கும்னு ஒரு அரை மணி நேரத்தை மேல போட்டுக்கறாங்க. 26-ம் 30-ம் 56. முடிஞ்சது கதை. லண்டன் - பாரிசா இருந்தாலும் சரி, லிஸ்பன் - ஹெல்சிங்கியா இருந்தாலும் சரி, எல்லாத்துக்கும் இதே கஞ்சிதான்.

நிஜத்துல அந்த விமானம் எப்படிப் போகுதுங்கறதைப் பாருங்க. ஹீத்ரோவோட ரெண்டு ஓடுபாதையும் கிழக்கு மேற்கா இருக்கு. பாரிஸ் இருக்கிறது தென்கிழக்குல. இந்த ஊர்ல பெரும்பாலான நாள் மேற்குக் காத்து. விமானம் காத்தை எதிர்த்துத்தான் கிளம்பும். அதனால பாரிசுக்குப் போற விமானம் முதல்ல பாரிசுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மேற்கே பாயும், அப்புறம் திரும்பும். சார்ல் து கோல்லயும் ஓடுபாதைகள் கிழக்கு மேற்குதான். அங்கயும் மேற்குக் காத்துன்னா, இங்கிருந்து போற விமானம் ஊரைத் தாண்டிப் போய் கிழக்குப் பக்கத்துல இருந்து வந்துதான் இறங்கணும். மேப்ல இருக்கிற அந்த நேர்கோட்டுல பறக்கற விமானம் ஒண்ணு கூடக் கிடையாது. பத்தாயிரம் அடிக்குக் கீழ 250 நாட்டுக்கு மேல, அதாவது சுமார் 460 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு விதி வேற. காபி கொடுத்து முடிக்கறதுக்குள்ள பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிஞ்சிடும்.

இத்தனை சுத்தியும் வானத்துல இருக்கிற நேரம் என்னமோ முக்கால் மணி சொச்சம்தான். அந்த வகையில பாத்தா 56 நிமிஷம் அதிகம்! ஆனா டிக்கெட்டைப் பாத்தீங்கன்னா ஒண்ணேகால் மணி, ஒரு மணி இருபது நிமிஷம்னு போட்டிருக்கும். ஏன்னா டிக்கெட்டுல இருக்கிறது பறக்கற நேரம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வெப்பாங்க பாருங்க, அதை இங்க எடுத்ததுல இருந்து அங்க வைக்கற வரைக்குமான நேரம். பின்னாடி தள்றது, வரிசையில நின்னு ஊர்றது, இறங்கின பிறகு ஓடுபாதையில இருந்து கட்டிடம் வரைக்கும் உருண்டு போறது எல்லாம் அதுல அடக்கம். கொஞ்சம் பாதுகாப்புக்குன்னு கூடுதலாவும் போட்டுக்குவாங்க, அப்பதானே "சரியான நேரத்துக்கு வந்துட்டோம்"னு மைக்குல பெருமை பேச முடியும்.

இதுல இன்னொரு வேடிக்கை. பாரிஸ் கடிகாரம் லண்டனை விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். அதனால பாரிஸ்ல 12:00-க்குக் கிளம்பி லண்டன்ல 12:20-க்கு இறங்கறதா டிக்கெட்டுல இருக்கும். முதல் தடவை பாத்துட்டு "இருபது நிமிஷத்துல வந்துடுமா?"ன்னு கேட்ட தங்கமணியை இன்னிக்கும் ஓட்டிக்கிட்டு இருக்கேன். உண்மையில சூரியனைப் பாத்தா பாரிசும் லண்டனும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். 1940-ல ஜெர்மன்காரங்க பாரிசைப் பிடிச்சப்ப கடிகாரத்தை பெர்லின் நேரத்துக்கு மாத்தினாங்க. அவங்க போயிட்டாங்க, நேரம் அப்படியே தங்கிடுச்சு.

சரி, இப்ப கொசுவர்த்திச் சுருளைச் சுத்துங்க. 2023 பிப்ரவரி.

என் சித்தப்பா பாரிஸ்ல இருந்தார். பாரிஸ்னா ஈஃபில் டவர் பக்கத்துலயான்னு கேக்காதீங்க. வடக்கே சார்செல்னு ஒரு புறநகர். அங்க நம்ம புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் நிறைய. சித்தப்பாவும் காரைக்கால்ல பொண்ணு எடுத்ததால பிரான்ஸ் போனவர்தான். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தவர். நான் லண்டன் வந்த நாள்ல இருந்து ஃபோன் பண்ணும்போதெல்லாம் சொல்வார், "டேய், ஒரு மணி நேரம்தானேடா, வந்துட்டுப் போயேன்." நானும் அதையேதான் சொல்வேன், "ஒரு மணி நேரம்தானே சித்தப்பா, எப்ப வேணா வரேன்." பதினோரு வருஷத்துல நான் போனது மூணே தடவை. சென்னைக்குப் பத்து மணி நேரம் பறந்து ஒன்பது தடவை போயிருக்கேன். தூரமா இருக்கிற இடத்துக்கு லீவு போட்டுத் திட்டம் போடறோம். பக்கத்துல இருக்குன்னு நம்பர் சொல்ற இடத்துக்கு யாரும் திட்டம் போடறதில்லை.

அவர் இறந்தது ஒரு திங்கக்கிழமை. பிரான்ஸ்ல நம்ம ஊர் மாதிரி அன்னிக்கே எடுத்துட மாட்டாங்க. தகன நிலையத்துல நேரம் ஒதுக்கித் தருவாங்க. வெள்ளிக்கிழமை காலை 10:30-ன்னு கிடைச்சது. வியாழக்கிழமை ஆபீசில் ஒரு ரிலீஸ். தங்கமணி சொன்னா, "ராத்திரியே கிளம்பிடுங்க, இல்லேன்னா விடிகாலை ரயிலைப் பிடிங்க." நான் பெரிய அறிவாளி இல்லையா? வீடு ஹௌன்ஸ்லோவில். ஹீத்ரோ பத்து நிமிஷம். ரயிலுக்குப் போகணும்னா செயின்ட் பாங்க்ரஸ், ஊரோட அந்தக் கோடி, அதிகாலை நாலரைக்கே அங்க நிக்கணும். விமானம்னா 7:15-க்கு. இணையதளத்தைத் திறந்தேன். 348 கிலோமீட்டர், 56 நிமிடம். 8:11, கடிகார வித்தியாசம் சேர்த்து 9:11. டிக்கெட்டுல 9:35-ன்னு போட்டிருந்துச்சு. "சும்மா கூட்டிப் போட்டிருப்பான்"னு நினைச்சுக்கிட்டேன். விமான நிலையத்துல இருந்து சார்செல் சாலை வழியா பதினஞ்சு கிலோமீட்டர்தான் இருக்கும். பத்து மணிக்கு அங்க நிப்பேன்னு தம்பிகிட்ட, அதான் சித்தப்பா பையன்கிட்ட, சொல்லிட்டேன்.

யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாதுங்க. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. விமானம் லேட் இல்லை. 9:22-க்குத் தரையைத் தொட்டுச்சு. 9:31-க்கு நின்னுச்சு. சொன்ன நேரத்துக்கு நாலு நிமிஷம் முன்னாடி. மைக்குல அந்தப் பெருமைப் பேச்சும் பேசினாங்க.

இன்னும் உருண்டுக்கிட்டு இருக்கும்போதே தம்பி ஃபோன். "அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன்டா. லேண்ட் ஆயிட்டேன்."

"அப்பாடா"ன்னான். பின்னாடி யார்கிட்டயோ "அண்ணன் வந்துட்டாங்க"ன்னு சொல்றது கேட்டுச்சு.

கதவு திறந்தது 9:40. நடந்து நடந்து பாஸ்போர்ட் வரிசைக்கு வந்தப்ப 9:55. என் கையில இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 2020 கடைசி வரைக்கும் அதை வெச்சு ஐரோப்பியர் வரிசையில சர்ருன்னு போயிருக்கேன். இப்ப அது கிடையாது, முத்திரை குத்தணும். எனக்கு முன்னாடி ரெண்டு பெரிய விமானம் இறங்கி மொத்தக் கூட்டமும் அங்க நிக்குது. வெளிய வந்தப்ப 10:42. டாக்ஸி, காலை நேர டிராஃபிக். தகன நிலைய வாசல்ல இறங்கினப்ப 11:15.

எல்லாரும் வெளிய முற்றத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. எனக்காகப் பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சிருக்காங்க. அதுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க, அடுத்த குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. அவங்க காரெல்லாம் அப்பத்தான் உள்ள வந்துக்கிட்டு இருந்துச்சு. தம்பி ஒண்ணும் சொல்லலை. "லேண்ட் ஆயிட்டேன்னு சொன்னீங்களேண்ணே"ன்னு மட்டும் கேட்டான். சித்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரு மணி நேரம்னு சொல்வாரே"ன்னாங்க.

சரி விடுங்க.

அதுக்கப்புறம் இந்த "வந்துட்டேன்"ங்கற வார்த்தையைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். நான் மட்டும் இல்லை, ஐரோப்பிய நீதிமன்றமே யோசிச்சிருக்கு. விமானத் தாமதத்துக்கு நஷ்ட ஈடு தர ஐரோப்பாவில் ஒரு சட்டம் இருக்கு, 2004-ல கொண்டு வந்த 261-ம் எண் ஒழுங்குமுறை. 1500 கிலோமீட்டர் வரைக்குமான பயணத்துக்கு 250 யூரோ. மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ தாமதமா போய்ச் சேர்ந்தாலும் இது உண்டுன்னு 2009-ல ஒரு தீர்ப்பு வந்துச்சு. அப்புறம் ஜெர்மன்விங்ஸ் விமானத்துல சால்ஸ்பர்க்ல இருந்து கொலோன் - பான் போன ஒரு பயணி கேஸ் போட்டார். அந்த விமானம் தரையைத் தொட்டப்ப தாமதம் 2 மணி 58 நிமிஷம். நிறுத்துமிடத்துக்கு வந்தப்ப 3 மணி 3 நிமிஷம். விமானக் கம்பெனி "சக்கரம் தரையைத் தொட்டதுதான் வருகை"ன்னுச்சு. நீதிமன்றம் 2014 செப்டம்பர்ல தீர்ப்பு சொன்னது: ஒரு கதவாவது திறந்து பயணிகள் வெளியேறலாம்னு ஆனாத்தான் அது வந்து சேர்ந்த நேரம். அதுவரைக்கும் மனுஷன் அடைபட்டுக் கிடக்கான், தன் வேலையைப் பாக்க முடியலை, அதனால வந்ததா கணக்கு இல்லைன்னு காரணமும் சொன்னாங்க.

அருமையான தீர்ப்பு. ஆனா என் கேள்வி, கதவைத் திறந்தா மட்டும் என் வேலையைப் பாக்க முடிஞ்சுதா? முக்கால் மணி நேரம் கயிறு கட்டின வரிசைக்குள்ள மாடு மாதிரி நின்னேனே, அது எந்தக் கணக்குல வரும்? அதே சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு: தூரத்தை அளக்கறது அந்த உருண்டை மேல போடற நேர்கோட்டுக் கணக்குலதான். பணம் பட்டுவாடா பண்ண அது சரியான அளவுகோல். யாரும் சண்டை போட முடியாது. மனுஷன் பயணத்துக்கு அது அளவுகோல் இல்லை.

இதே பயணத்தை 1919-லயே ஆரம்பிச்சுட்டாங்க தெரியுமோ? ஆகஸ்ட் 25-ம் தேதி, லண்டன் - பாரிஸ் தினசரி விமான சேவை. கிளம்பின இடம் ஹௌன்ஸ்லோ ஹீத், எங்க வீட்டுப் பக்கம்தான். இறங்கின இடம் பாரிசுக்கு வெளிய லெ பூர்ஜே. ஒரே ஒரு பயணி, கூடவே செய்தித்தாள்கள், கொஞ்சம் தோல், டெவன்ஷர் க்ரீம், வேட்டையாடின பறவைகள். சுமார் ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அந்த ஆளுக்கு செக்யூரிட்டி வரிசை கிடையாது. பெல்ட்டைக் கழட்டி ட்ரேயில போட வேண்டியதில்லை. நூறு வருஷம் கழிச்சு, நான் ஹௌன்ஸ்லோ வீட்டுல இருந்து அஞ்சு மணிக்குக் கிளம்பி அந்த வாசல்ல நின்னது லண்டன் கணக்குல 10:15. அஞ்சேகால் மணி நேரம். வானத்துல முக்கால் மணி.

ரயில்ல போயிருந்தா? யூரோஸ்டார் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ்ல இருந்து பாரிஸ் கார் து நோர் வரைக்கும் வேகமான வண்டின்னா 2 மணி 16 நிமிஷம். தண்டவாள தூரம் 492 கிலோமீட்டர். விமானக் கணக்கை விட 144 கிலோமீட்டர் ஜாஸ்தி. பிரெஞ்சுக்காரனோட பாஸ்போர்ட் சோதனையையும் லண்டன்லயே முடிச்சுடுவாங்க. அங்க இறங்கினா நடையைக் கட்ட வேண்டியதுதான். வாசலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தா லா சப்பல், இட்லி வாசனை. எதிர்ப்பக்கம் உள்ளூர் ரயில் பிடிச்சா சார்செல். தங்கமணி சொன்ன ரயிலைப் பிடிச்சிருந்தா பத்து மணிக்கு நான் அங்க இருந்திருப்பேன். இதை அவ இதுவரைக்கும் ஒரு தடவை கூடச் சொல்லிக் காட்டினதில்லை. அதுதான் இன்னும் வலிக்குது.

உடனே "ரயில்தான் ஒசத்தி, விமானம் வேஸ்ட்"னு கொடி பிடிக்க வரலை. ரயில் டிக்கெட் கடைசி நேரத்துல யானை விலை. அங்கயும் செக்யூரிட்டி உண்டு, முக்கால் மணிக்கு மேல முன்னாடியே வரச் சொல்வாங்க. 2025 அக்டோபர்ல ஐரோப்பா ஆரம்பிச்ச கைரேகை, ஃபோட்டோ பதிவு அங்கயும் உண்டு. சென்னையில இருந்து வந்து ஹீத்ரோவில் மாறி பாரிஸ் போறவருக்கு ரயில் ஒரு உபயோகமும் இல்லை. விமானம்னா விமானம்தான் சில இடத்துல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள்ல வெஸ்ட்ரே - பாப்பா வெஸ்ட்ரேன்னு ரெண்டு விமான நிலையம். நடுவுல 2.7 கிலோமீட்டர். கால அட்டவணையிலயே ரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கும். ஹீத்ரோவோட வடக்கு ஓடுபாதையே 3.9 கிலோமீட்டர், அந்த மொத்தப் பயணமும் அதுக்குள்ள அடங்கிடும்! ஆனா அங்க நடுவுல கடல். அந்த ஜனங்களுக்கு அந்த ரெண்டு நிமிஷம் நிஜமான ரெண்டு நிமிஷம், ஏறினா இறங்கினா வேலை முடிஞ்சது.

என் கோபம் விமானத்து மேல இல்லை, அந்த நம்பர் மேல. "பிராங்க்பர்ட் ஹான்"னு ஒரு விமான நிலையம் இருக்கு. பிராங்க்பர்ட்ல இருந்து 120 கிலோமீட்டர். திண்டிவனத்துல ஓடுபாதை போட்டுட்டு சென்னைன்னு போர்டு மாட்டற கதை. அதுக்கும் இந்த இணையதளங்கள் இதே மாதிரி தூரம், நேரம்னு அழகா ஒரு கோடு போட்டுக் காட்டும்.

பிரான்ஸ்காரங்க ஒரு காரியம் பண்ணாங்க. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ரயில் இருந்தா அந்த ஊருக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம்னு 2021-ல சட்டம். 2023 மே மாசம் அமலுக்கு வந்துச்சு. பாரிஸ் ஓர்லியில இருந்து போர்தோ, நாந்த், லியோன், மூணே மூணு வழி நின்னுச்சு. மக்கள் மன்றம் கேட்டது நாலு மணி நேரம், கிடைச்சது ரெண்டரை. கிண்டல் பண்ணவங்க நிறைய. எனக்கென்னவோ அதுல ஒரு விஷயம் பிடிச்சிருந்தது. ஒரு அரசாங்கம் கிலோமீட்டரை வெச்சு அளக்காம, மனுஷன் ஊருக்குப் போய்ச் சேர இன்னொரு வழியில எவ்வளவு நேரம் ஆகும்னு அளந்துச்சு.

நான் கேக்கறதும் அவ்ளோதான். டிக்கெட் விக்கற எல்லா இடத்துலயும் விமான நேரத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு நம்பர் போடணும்னு கட்டாயம் ஆக்கணும். விமான நிலையத்துக்குள்ள எத்தனை மணிக்கு நுழையச் சொல்றீங்க, அங்க இறங்கி எத்தனை மணிக்குத் தெருவுக்கு வர்றாங்க. வாசல்ல இருந்து வாசல். பாஸ்போர்ட் வரிசை எந்த நேரம் எவ்வளவு நீளம்னு விமான நிலையங்களுக்குத் தெரியாதா என்ன? கேமராவும் கணக்கும் அவங்ககிட்டதானே இருக்கு. எடுத்துப் போட்டா பாதிப் பேரு ரயிலுக்குப் போயிடுவான்னு பயம். போகட்டுமே.

பையன் நேத்து மறுபடி வந்தான். விசாவுக்கு நேரம் வாங்கிட்டானாம். "அண்ணா, கடைசியா சொல்லுங்க, பாரிசுக்கு எவ்ளோ நேரம்தான் ஆகும்?"

"நீ எங்கிருந்து கிளம்பறே? யாரைப் பாக்கப் போறே?"

"கிழக்கு லண்டன்ல இருந்துண்ணா. யாரையும் பாக்க இல்ல, சும்மா சுத்தத்தான்."

"அப்ப ஃப்ளைட்லயே போயேன், ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கிக்கோ"ன்னேன். இடது பக்கமா, வலது பக்கமான்னு கேட்டுட்டுப் போனான்.